கொக்கு நின்ற இடது பக்கம்

"நான் அடிக்கலைங்க. அடிச்சிருந்தா வெளியதான் போயிருக்கும். இடது பக்கம் கொக்கு சும்மா நின்னான், தள்ளிவிட்டேன். அவன் அடிச்சான் பாருங்க ஒரு அடி, வலை கிழியாத குறைதான்!"

என் வீட்டுக்காரர் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கேட்டுக்கொண்டிருந்தவரின் மூக்கில் என் சோதனைச் சட்டம் உட்கார்ந்திருந்தது. கண்ணாடிக் கடைக்கு வந்தவர்களுக்குத் தெரியும், அது கொஞ்சம் கோமாளித்தனமான சாமான். கனமான வட்டச் சட்டம். ஒரு பக்கம் கறுப்பு மூடி, மறுபக்கம் நான் மாற்றி மாற்றிப் போடும் வில்லை. வந்தவருக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும், குழாய் வேலை செய்கிறவர். மூடாத அந்த ஒற்றைக் கண்ணை என் பக்கம் திருப்பினார். எங்கள் நாட்டில் நாற்பதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் அந்தப் பந்து எங்கே போனது என்று சொல்லிவிடுவார்கள். கோல் கம்பத்துக்கு மேலே, புகைப்படக்காரர்களுக்கும் மேலே, பார்வையாளர்களின் மாடி வரிசைக்குப் போனது. கொக்குக்கு யாரும் எதையும் தள்ளிவிடவில்லை. இவர் முதுகுக்குப் பின்னால் நின்று நான் தலையை லேசாக அசைத்தேன். அவர் புரிந்துகொண்டார்.

"மறக்க முடியுமா சார்? அன்னைக்கு எங்க தெருவே தூங்கல" என்றார்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. அன்று யாருமே தூங்கவில்லைதான். அந்த நல்ல மனிதருக்குக் கடையில் இருந்ததிலேயே உறுதியான உறையாகத் தேடி எடுத்துக் கொடுத்தேன்.

இவரை வீட்டில் தனியாக விட முடியாமல் போனதிலிருந்து கடைக்குக் கூட்டி வருகிறேன். முதலில் செருப்பைக் குளிர்பெட்டியில் வைத்தார், சிரித்தோம். பிறகு ஒருநாள் எங்கள் தெருவிலேயே நின்றுகொண்டு, எங்கள் வீட்டுக்கு வழி கேட்டிருக்கிறார், எங்கள் மகளிடமே. அவள் கையைப் பிடித்துக் கூட்டி வந்து, வாசலில் விட்டுவிட்டு, பாத்ரூமுக்குள் போய் அழுதாள். டாக்டர் நோய்க்குப் பெயர் சொன்னார். வருஷக்கணக்கில் பந்தைத் தலையால் முட்டியதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். இருக்கலாம். இந்த மனுஷன் தலையால் முட்டிப் போட்ட கோல்களுக்கு நாடே கைதட்டியது. பில் மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது.

அந்த அணியைப் பார்க்காதவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு ஃபுட்பால் தெரியாது. ஆனால் அவர்களைப் பார்ப்பதற்கு ஃபுட்பால் தெரிந்திருக்கத் தேவையில்லை. மைதானத்துக்குப் பின்னால் இருந்த ஒரே விடுதியில் மீசை முளைக்காத வயதில் சேர்ந்தவர்கள், ஒரே சோப்பில் குளித்து, ஒருத்தன் சட்டையை இன்னொருத்தன் போட்டுக்கொண்டு வளர்ந்தவர்கள். திரும்பிப் பார்க்காமலே பந்தைக் கொடுப்பார்கள், அங்கே ஒருவன் இருப்பான். எப்படித் தெரியும் என்று கேட்டால் இவர் விழிப்பார். "அவன் அங்கதான இருப்பான்" என்பார். நம் வீட்டு ஸ்விட்ச் இருட்டில் கைக்குத் தெரிவதில்லையா, அந்த மாதிரி. பத்திரிகைகள் தங்கத் தலைமுறை என்று எழுதின. இப்படி ஒரு கூட்டம் இன்னொரு முறை ஒரே நேரத்தில் பிறக்காது என்று, விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டியே பார்க்காத என் அப்பாகூடச் சொன்னார். ஆட்டம் உள்ள நாளில் பேருந்துகள் காலியாக ஓடின. ரொட்டிக் கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு டிவியைத் தெருப்பக்கம் திருப்பி வைப்பார். பிள்ளைகள் பழைய பனியனில் மையால் எண் எழுதிக்கொண்டு திரிந்தார்கள், அதில் பாதி இவருடைய ஒன்பது, மீதி கொக்கின் பதினொன்று. எல்லோருக்கும் நல்லது ஏதோ நடக்கப்போகிறது என்று ஒரு நாடே நம்பிக்கொண்டிருந்த காலம் அது. நானும் இருபத்து நான்கு வயதில் அதை நம்பினேன். அந்த நம்பிக்கை இன்றைக்கும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது, கோப்பை வராமல் போனதைவிட.

கொக்கு இவருடைய அறைத்தோழன். நீண்ட கால், நீண்ட கழுத்து, ஒற்றைக்காலில் நின்று ஷூ கயிறு கட்டுவான், அதனால் அந்தப் பெயர். எங்கள் கல்யாணத்துக்கு முதல் நாள் இவருடைய சட்டைக்கு இஸ்திரி போட்டு, காலரில் சின்னதாகத் தீய்த்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் உள்பக்கம் மடித்துத் தைத்தும் வைத்தவன். கோப்பைக்கான அந்த அரையிறுதியில், ஆட்டம் முடியச் சற்று முன்பு, ஒன்றுக்கு ஒன்று என்று இருக்கையில், பந்து இவர் காலுக்கு வந்தது. முன்னால் கோல்கீப்பர் மட்டும். இடது பக்கம் கொக்கு, பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். இவர் பார்க்கவில்லை. அல்லது பார்த்தார். அது எனக்கே இன்றுவரை தெரியாது. அடித்தார், மேலே போனது. கொஞ்ச நேரத்தில் அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். முடிந்தது.

கொக்கு பத்திரிகைகளிடம் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. ஆனால் விமான நிலையத்தில் வேறு வண்டியில் ஏறினான். அதன்பின் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. இவரும் அவனைத் தேடிப் போகவில்லை. முப்பது வருஷம். இரண்டு பேரும் ஒரே ஊரில், பத்து நிமிஷ தூரத்தில். அந்த முப்பது வருஷமும் இவர் தூக்கத்தில் காலை உதைத்துக்கொண்டே இருந்தார். வலது கால், ஒரே உதை. என் முழங்காலைக் கேட்டால் சொல்லும்.

இப்போது உதைப்பதில்லை. எப்போது நின்றது என்று நினைத்துப் பார்த்தால், கடையில் முதன்முறையாக "கொக்குக்குத் தள்ளிவிட்டேன்" என்று சொன்ன அந்த வாரத்திலிருந்துதான். மரக்கட்டை மாதிரி தூங்குகிறார். எழுந்ததும் ஜன்னலைத் திறந்துவிட்டு விசில் அடிக்கிறார். நோய் இவரிடமிருந்து எவ்வளவோ எடுத்துக்கொண்டு போகிறது. இந்த ஒன்றை மட்டும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறது. இதையும் யாராவது பிடுங்கிவிடுவார்களோ என்பதுதான் எனக்கு அப்போது இருந்த ஒரே பயம்.

பயத்துக்குக் காரணம் கேப்டன் கொண்டுவந்த அழைப்பு. கேப்டன் இப்போது டயர் கடை வைத்திருக்கிறார். அந்த அணியில் மிச்சமிருப்பவர்கள் வருஷத்துக்கு ஒருநாள் மதியம் ஒரு ஹோட்டல் மாடியில் கூடுவார்கள். சாப்பிட்டு முடித்ததும் மேஜைமேல் அந்த அரையிறுதியை முதலிலிருந்து ஆடுவார்கள். சிரிக்காதீர்கள். டீக் கோப்பைகளைக் கவிழ்த்து வைத்தால் இவர்கள் அணி. உப்பு, மிளகுத்தூள், சாஸ் பாட்டில்கள் எதிரணி, அவற்றைக் கேப்டன் நகர்த்துவார். ஒரு சர்க்கரைக் கட்டிதான் பந்து. அவரவர் கோப்பையை அவரவர்தான் தொடவேண்டும். இறந்துபோனவர்களின் கோப்பைகள் நின்ற இடத்திலேயே நிற்கும், பந்து அவற்றில் பட்டுத் திரும்பும். ஒவ்வொரு பாஸும் அவர்களுக்கு மனப்பாடம். கடைசியில் சர்க்கரைக் கட்டி ஒன்பதாம் எண் கோப்பையின் முன்னால் வந்ததும் கேப்டன் அதை எடுத்துத் தன் டீயில் போட்டுக் கலக்கிவிடுவார். அதோடு கலைந்துவிடுவார்கள். முப்பது வருஷத்தில் அந்த மேஜையில் அந்தப் பந்தை யாரும் அடித்ததும் இல்லை, விட்டதும் இல்லை. இவர் ஒருமுறைகூடப் போனதில்லை.

"இந்த வருஷமும் வரமாட்டான்னு தெரியும்மா. கூப்பிடாம இருக்க மனசு வரல" என்று கேப்டன் கடை வாசலில் நின்று சொன்னார்.

உள்ளேயிருந்து இவர் குரல் கொடுத்தார். "யாரு, கேப்டனா? நான் வரேன். கொக்கு வருவான்ல?"

கேப்டன் என்னைப் பார்த்தார். நான் கவுன்டரைப் பார்த்தேன்.

மறுநாள் மகளைக் கடையில் உட்காரவைத்துவிட்டு நான் கொக்கின் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். ஒரு பெண் ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவன் மடங்கி உட்கார்ந்திருந்தான், முழங்கால் டாஷ்போர்டை முட்டியது. தலை முழுக்க வெள்ளை. "இடது பக்கம் பாரும்மா! இடது பக்கம் ஒருத்தன் இருக்கான்னு எத்தனை தடவை சொல்றது!" என்று கத்திக்கொண்டிருந்தான். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். என்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி, மடிப்பு மடிப்பாக வெளியே வந்தான்.

"வா தங்கச்சி" என்றான், நேற்றுப் பார்த்தவன் மாதிரி. ஆபீஸ் அறையில் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். சுவரில் சாலைச் சின்னங்கள், சிவப்பு வட்டங்கள். ஃபுட்பால் படம் ஒன்றுகூட இல்லை.

நான் சுற்றி வளைக்கவில்லை. இவருக்கு என்ன ஆகிவிட்டது, என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று சொன்னேன். அவன் ஒரு பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே கேட்டான்.

"அப்ப அவன் எனக்குக் குடுத்துட்டான்."

"ஆமாண்ணே."

"நான் அடிச்சிட்டேன்."

"ஆமா."

"சௌகரியம்தான்." பேனா மூடி கீழே விழுந்தது. குனிந்து எடுக்க அவனுக்கு வெகுநேரம் ஆனது. "தங்கச்சி, பந்து குடுக்காததுக்கா நான் இத்தனை வருஷம் பேசாம இருக்கேன்? ஃபார்வர்டுன்னா அடிக்கத்தான் செய்வான். நானா இருந்தாலும் அடிச்சிருப்பேன். ரூமுக்கு வந்து என்ன சொன்னான் தெரியுமா? 'நீ அங்க இல்லடா'ன்னான். நான் நின்னேன். கைய தூக்கிட்டு நின்னேன். உலகமே பார்த்துச்சு. 'பார்த்தேன்டா, பேராசைடா, தப்புடா'ன்னு ஒரு வார்த்தை. அதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன். இன்னைக்கு வருவான், நாளைக்கு வருவான்னு." மூச்சு வாங்கினான். "இப்ப மன்னிக்கணும்னு நெனச்சாகூட யாரைப் போய் மன்னிக்கிறது? பண்ணினவனே அங்க இல்லையே."

எனக்கு இது தெரியாது. முப்பது வருஷம் பக்கத்தில் படுத்து உதை வாங்கியவளிடம் இவர் இதைச் சொன்னதில்லை. கோபம் வந்தது, யார்மேல் என்று சொல்லத் தெரியாத கோபம். இருந்தாலும் நான் வந்த வேலை வேறு.

"அவரு முன்னாடி மட்டும் ஒண்ணும் சொல்லிடாதீங்கண்ணே. நிம்மதியா இருக்காரு."

"எனக்குப் பொய் சொல்ல வராது. அது உனக்கே தெரியும்" என்றான். பிறகு வாசல்வரை வந்து, "நல்லா சாப்பிடுறானா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வண்டிக்குப் போய்விட்டான்.

போக வேண்டாம் என்றுதான் முடிவு செய்திருந்தேன். ஆனால் அந்த நாள் காலையில் இவர் எனக்கு முன்பே எழுந்து, தாடி மழித்து, சட்டையின் பொத்தான்களை மேலிருந்து கீழ்வரை சரியாகப் போட்டு, ஷூவோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பொத்தான்கள் சரியாக இருந்ததைப் பார்த்ததும் என்னால் மறுக்க முடியவில்லை.

ஹோட்டல் மாடியில் நீளமான அறை, தெருவைப் பார்த்த ஜன்னல்கள். ஆறு பேர் வந்திருந்தார்கள். இவரைப் பார்த்ததும் கோல்கீப்பர் எழுந்து வந்து கட்டிக்கொண்டார். அவரைக் கதவு என்று கூப்பிடுவார்கள். வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், கதவு அகலம் இன்னும் குறையவில்லை. கட்டிக்கொண்டவரை இவருக்கு அடையாளம் தெரியவில்லை, ஆனால் கட்டிப்பிடிப்பு தெரிந்திருந்தது. மேஜையின் மறுகோடியில் கொக்கு உட்கார்ந்திருந்தான். எழவில்லை. இவர் நேராக அவனிடம் போனார்.

"டேய் கொக்கு, என்னடா மயிரெல்லாம் வெளுத்துப்போச்சு? விடுதிச் சாப்பாடு ஒத்துக்கலையா?"

எல்லோரும் சிரித்தார்கள். கொக்கு சிரிக்கவில்லை. பக்கத்து நாற்காலியை மட்டும் காலால் வெளியே தள்ளினான். இவர் உட்கார்ந்தார். அவனுடைய வலது பக்கமாகச் சுற்றிப் போய், அவன் தனக்கு இடது பக்கம் இருக்கும்படி.

சாப்பாட்டின்போது நான் ஒரு கவளமும் ருசித்துச் சாப்பிடவில்லை. ஒவ்வொருவரும் வாயைத் திறக்கும்போதெல்லாம் நான் இவர் முகத்தைப் பார்த்தேன். அவர்கள் பேசியது எல்லாம் விடுதிக் கதைகள்: குளியலறைத் தாழ்ப்பாள் உடைந்தது, கோச்சின் மூக்குக் கண்ணாடியை ஒளித்து வைத்தது. இவர் பாதிக்குப் பாதி ஞாபகமாக இடையில் புகுந்து சிரித்தார். மேஜையைத் துடைத்துக் கோப்பைகளைக் கவிழ்த்தார்கள். இரண்டு முள்கரண்டிகளை நட்டுவைத்த மாதிரி ரொட்டித் துண்டில் குத்தி ஒரு பக்கம் கோல் செய்தார்கள், மறுபக்கமும் அப்படியே. கேப்டன் ஒன்பதாம் எண் கோப்பையை இவர் முன்னால் வைத்து, "இத்தனை வருஷமா நான்தான்டா பார்த்துக்கிட்டேன். இந்தா, உன்னுது" என்றார்.

ஆட்டம் தொடங்கியது. நான் ஜன்னல் ஓரம் நின்று பார்த்தேன். வயதான விரல்கள், மோதிரம் இறுகிய விரல்கள், ஒருவருக்கு நடுக்கம். ஆனால் கோப்பைகள் நகர்ந்தபோது நான் அந்தக் காலத்தைப் பார்த்தேன். பேச்சே இல்லை. ஒருவர் பார்க்காமல் தள்ளினார், கட்டி போன இடத்தில் இன்னொருவர் கோப்பை இருந்தது. தன் வீட்டுக்கே வழி தெரியாத மனுஷன் இவர். அங்கே ஒரு தடவைகூடத் தப்பாக நகர்த்தவில்லை. உள்ளே வந்தார், பின்னால் இறங்கினார், மூலையிலிருந்து வந்த பந்துக்குக் கோப்பையைத் தூக்கி முட்டினார். முதல் கோல் விழுந்தது, அது உண்மையிலேயே இவர் போட்ட கோல். யாரோ "அடேங்கப்பா!" என்றார்கள், அன்றைக்குச் சொன்ன மாதிரியே. பிறகு எதிரணியின் சமன் கோல். பிறகு நேரம் போய்க்கொண்டே இருந்தது. மேஜையைச் சுற்றி முகங்கள் இறுகின. கதவு தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

சர்க்கரைக் கட்டி, ஓரங்கள் தேய்ந்து, இவர் கோப்பைக்கு முன்னால் வந்து நின்றது.

கேப்டன் வழக்கம்போலக் கையை நீட்டினார். அவர் டீ தயாராக இருந்தது. அதற்குள் இவர் ஆள்காட்டி விரல் கட்டியின்மேல் இருந்தது. கேப்டன் கை அந்தரத்தில் நின்றது. இவர் முன்னால் எதிரணி கோல்கீப்பராக நின்ற உப்புப் பாட்டிலைப் பார்த்தார், முள்கரண்டிகளைப் பார்த்தார். பிறகு, திரும்பாமல், விரலால் கட்டியை இடது பக்கம் தள்ளினார். அது மேஜைவிரிப்பில் கொஞ்சம் தூளை உதிர்த்துக்கொண்டு போய், கொக்கின் கோப்பையைத் தொட்டு நின்றது.

கொக்கு கட்டியையே பார்த்தான். அவன் கைகள் மேஜைக்குக் கீழே இருந்தன. சொல்லிவிடப் போகிறான் என்று நினைத்தேன். ஓடிப்போய் இவர் காதைப் பொத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"ஏன்டா எனக்குக் குடுத்த?" என்று கேட்டான்.

இவருக்குக் கேள்வியே புரியவில்லை. மடையனைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். "நீதானடா ஃப்ரீயா நின்ன? கையத் தூக்கிட்டு நின்னியே, பார்த்தேனே."

கொக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஜன்னல் பக்கம், அதாவது என் பக்கம். எத்தனையோ கண்களை அருகில் வைத்துப் பார்க்கிறவள் நான். அந்தக் கண்களைப் பார்க்க முடியாமல் குனிந்துகொண்டேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "அடிடா, வந்துடுவானுங்க" என்று இவர் அவசரப்படுத்தினார். பிறகு கோப்பை இழுபடுகிற சத்தம், சுண்டுகிற சத்தம். நிமிர்ந்தபோது சர்க்கரைக் கட்டி முள்கரண்டிகளுக்கு நடுவில் போய் ரொட்டித் துண்டில் சாய்ந்து கிடந்தது.

கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் தட்டவில்லை. முப்பது வருஷமாக அங்கேயே நின்றுபோன ஆட்டத்தில் இப்போது அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் அசைந்தது கதவு. அன்று எதிரணியின் அந்தக் கடைசி கோலை வாங்கியவர் அவர்தான். தன் கோப்பையைப் பிடித்துக் கோலுக்கு நேராக வைத்து, "என்னடா வேடிக்கை பார்க்கிறீங்க? ஆட்டம் முடியல. பின்னால வாங்கடா எல்லாரும்!" என்று கத்தினார்.

கோப்பைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் வந்தன. கொக்கின் கோப்பை வந்தது, இவருடையதும் வந்தது, இரண்டும் இடித்துக்கொண்டு நின்றன. கொக்கு தன் தோளால் இவரைத் தள்ளி, "இன்னும் கொஞ்சம் உள்ள வாடா" என்றான். நடு மேஜையில் ஒரு கோப்பை மட்டும் தனியாக நின்றது. போன வருஷம் இறந்துபோன தடுப்பாட்டக்காரருடையது. கதவுக்கு முன்னால், அவர் நிற்கவேண்டிய இடத்தில் பெரிய ஓட்டை இருந்தது. எனக்கே தெரிந்தது, ஃபுட்பால் தெரியாத எனக்கே. அவரவர் கோப்பையை அவரவர்தான் தொடவேண்டும் என்பது விதி. எல்லோரும் அதைப் பார்த்தார்கள், யாரும் தொடவில்லை.

"இழு தங்கச்சி" என்றான் கொக்கு. "அவன் எப்பவும் லேட்டுதான்."

நான் ஜன்னலை விட்டு வந்து, கையை நீட்டி அந்தக் கோப்பையை இழுத்துக் கதவின் முன்னால் வைத்தேன். கையை எடுக்கவில்லை. எதிர்ப்பக்கம் கேப்டன் உட்கார்ந்திருந்தார், சர்க்கரை இல்லாத டீ ஆறிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அந்தக் கோலைப் போட்ட சாஸ் பாட்டிலின் மூடிமேல் அவர் விரல்கள் இருந்தன. எட்டுப் பேர் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.